பத்தாவது பாடம் திங்கட்கிழமை திறந்தது

என் நாட்குறிப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இப்படி இருக்கிறது: "காலையில் மழை இல்லை. மூடுபனி ஒன்பதரைக்கு விலகியது. பத்து நாற்பதுக்கு டயகமப் பக்கத்திலிருந்து ஒரு போன். பத்தாவது பாடம் திறக்கவில்லை என்றார்கள். திறந்திருக்கிறது என்று சொன்னேன்." அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கேஸ் சிலிண்டர் மாற்றிய விவரம். இன்றைக்கு அந்தப் பக்கத்தைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கோடுதான். அடிமட்டம் வைத்துப் போட்ட நேரான கோடு.

பாடங்கள் என் மனைவியுடையவை. அவள் தையல்காரி. நான் தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளாக்கர். லிந்துலைக்குப் பக்கத்தில், ஆபீஸ் ஆட்களுக்குக் கொடுத்திருக்கும் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். முன்னறை ஜன்னலோரத்தில் அவளுடைய கால் மிஷின் இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, தீபாவளி எதுவானாலும் ஜாக்கெட் துணிகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். தையல் பழக வேண்டும் என்றும் சிலர் வருவார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே அவசரம். அளவு எடுப்பதற்கு முன்னால் கத்தரிக்கோல் எங்கே என்று தேடுவார்கள்.

"துணியைக் கண்டா இவங்களுக்குக் கை சும்மா இருக்காது," என்பாள். "அளந்தது தப்புன்னா திரும்ப அளக்கலாம். வெட்டினது தப்புன்னா என்ன செய்றது?"

அவள் சொல்லும் சின்னச் சின்னக் குறிப்புகளை நான் தட்டச்சு செய்து ஒரு வலைப்பதிவில் போட்டுவந்தேன். கழுத்து தொளதொளவென்று நிற்காமல் இருக்க என்ன செய்வது, பழைய புடவையிலிருந்து உள்துணி எடுப்பது எப்படி, இப்படி. ஹட்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வாசித்தார்கள். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் சிலரும் எழுதினார்கள். குறிப்பு போதாது, முதலிலிருந்து கடைசிவரை சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். அப்படித்தான் உறுப்பினருக்கு மட்டும் என்று பத்துப் பாடங்கள் தயாராயின. ஒவ்வொன்றிலும் அவளுடைய இரண்டு கைகளும் வேலை செய்யும் வீடியோ, நான் அடிமட்டம் வைத்து வரைந்த அளவுப் படம், கீழே பத்துப் பன்னிரண்டு வரி விளக்கம். வீடியோ எடுக்கும்போது போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. முக்காலி வாங்கலாம் என்றேன். "நீங்க இருக்கீங்களே," என்றாள்.

பத்தையும் ஒரே நாளில் திறந்துவிடக் கூடாது என்பது அவளுடைய யோசனை.

"ஒண்ணா குடுத்தா பத்தாவதுல இருந்துதான் பாப்பாங்க," என்றாள். "ஜாக்கெட்டுக்குக் கைத்துணி வெட்டுறது பத்தாவதுலதான் இருக்கு. முதல்ல அதைத்தான் வெட்டுவாங்க. வாரத்துக்கு ஒண்ணுன்னு குடுக்க முடியுமா பாருங்க."

முடியும். உறுப்பினர் சேர்ந்த நாளிலிருந்து எண்ணி, இத்தனையாவது நாளில் இந்தப் பாடம் என்று வைத்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் அவரவர் சேர்ந்த கணக்கில் தானாகவே திறக்கும். ஆடியில் சேர்ந்தவருக்கு ஆடியிலிருந்து. மார்கழியில் சேர்ந்தவருக்கு மார்கழியிலிருந்து. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று.

"கொழுந்து மாதிரின்னு வச்சுக்க," என்று அவளுக்கு விளக்கினேன். "ஒரே நாள்ல எல்லா மலையிலயும் கொழுந்து எடுக்க முடியாது. ஒரு மலையில எடுத்தா, மறுபடி அந்த மலைக்கு வர ஒரு வாரமாவது ஆகும்."

"ஆபீஸ்ல உக்காந்துகிட்டு கொழுந்து எடுக்கிறதைப் பத்தி எனக்குச் சொல்றீங்களா?" என்றாள் நிமிராமல். "எடுத்தது எங்கம்மா."

அன்று மாலையே எண்களைப் போட்டேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சிறு கட்டம். அதில் நாளின் எண்ணை எழுத வேண்டும். முதல் பாடத்துக்கு 1. இரண்டாவதற்கு 8. பிறகு 15, 22, 29. பத்தாவதற்கு 64. நாட்குறிப்பிலும் அதே வரிசையில் எழுதி, இரண்டையும் ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு எண்கூட மாறியிருக்கவில்லை.

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்போம். காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்கு வந்து, மலைக்குப் போனவருக்கு அன்றைக்கு ஒரு பேர் விழும். பாதியில் திரும்பினால் அரைப் பேர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு வந்த அன்றைக்கே முதல் பேர். செக்ரோல் என்கிற பெரிய பதிவேட்டில் இதைத்தான் இருபத்தாறு வருடமாக எழுதிவருகிறேன். நாளை எண்ணுவதில் என்னைத் திருத்த ஒருவர் வர வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை.

டயகமப் பக்கத்து உறுப்பினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தார். ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்யும் பெண். சனிக்கிழமை இரவு பஸ்ஸில் தோட்டத்துக்கு வந்து, திங்கட்கிழமை விடிய முன் திரும்பிவிடுவாள். பாடம் அவளுக்கில்லை, அவளுடைய அம்மாவுக்கு. அம்மா கொழுந்து எடுக்கிறவர். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். மகளின் போன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர்கள் குடியிருக்கும் லயத்தில் இருக்கும். அன்றைக்கு அம்மா அதில் பாடம் பார்ப்பார். சேரும்போதே இதையெல்லாம் அந்தப் பெண் எழுதியிருந்தாள். "எனக்குக் கல்யாணம் வச்சிருக்கு ஐயா. என் ஜாக்கெட்டை அம்மாதான் தைப்பேன்னு நிக்கிறாங்க," என்றும் ஒரு வரி இருந்தது. என் மனைவி அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளிடமிருந்து இன்னொரு செய்தி. கல்யாணத்துக்கு இன்னும் நான்கு ஞாயிறுதான் இருக்கிறது. அதுவும் நாலாவது ஞாயிறே கல்யாணம். இதுவரை ஆறு பாடம் பார்த்திருக்கிறார்கள். கைத்துணிப் பாடம் நேரத்துக்கு வருமோ என்று அம்மா பயப்படுகிறார். அதை மட்டும் முன்கூட்டித் திறந்துவிட முடியுமா?

நான் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அவள் சேர்ந்த ஞாயிறு ஒன்று. அடுத்த ஞாயிறு எட்டு. இப்படியே போனால் அறுபத்து நாலாவது நாள், கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு. தைக்க ஒரு முழு நாளும், அதன் பிறகு ஒரு முழு வாரமும் இருக்கிறது. அவள் கணக்கில் ஆறு பாடம் என்கிறாள். என் கணக்கில் அன்றைக்கு ஏழாவது திறந்திருக்க வேண்டும். "ஒரு பாடம் பிந்திப் பார்க்கிறார்கள் போலும்," என்று குறித்துக்கொண்டேன். இந்த ஒரு வரியை அப்போது நான் கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

"திறந்துதான் விடுங்களேன்," என்றாள் மனைவி.

"ஒருத்தருக்குத் திறந்தா அப்புறம் எல்லாருக்கும் திறக்கணும். நீதானே வேணாம்னு சொன்ன?"

"நான்தான் சொன்னேன்." பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் சுற்றி முடித்தாள். "நேரத்துக்கு வந்துடும்ல?"

"அறுபத்து நாலாவது நாள். ஞாயித்துக்கிழமை. எழுதி வச்சிருக்கேன்."

அப்படியே பதில் அனுப்பினேன். மரியாதையாக, நாட்களை வரிசையாக எழுதி.

அந்த ஞாயிறும் வந்தது. பத்து நாற்பதுக்கு போன் அடித்தது. மகள்தான் பேசினாள், சிக்னலுக்காக லயத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கி பக்கம் ஏறி நின்று பேசுகிறாள் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"ஐயா, பத்தாவது பாடம் பூட்டியே இருக்குங்க."

"இருக்காதும்மா. இன்னைக்குத் திறந்திருக்கும்."

"பூட்டுப் படம்தான் வருதுங்க ஐயா."

அவளைப் போனில் வைத்துக்கொண்டே எங்கள் கணினியில் தளத்தைத் திறந்தேன். பத்தாவது பாடம் பளிச்சென்று திறந்திருந்தது. மனைவியின் கைகள், நீலத் துணி, எல்லாம்.

"இங்க திறந்துதான் இருக்கு. உங்க பக்கம் சிக்னல் சரியில்ல. கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க."

"சரிங்க ஐயா," என்றாள். பின்னால் ஒரு பெண் குரல், "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும். உன் போன்தான் கோளாறு," என்றது. நான் போனை வைத்தேன், எழுதினேன், கோடு போட்டேன்.

தளத்தை நடத்துகிறவனுக்கு எந்தப் பாடமும் பூட்டியிருப்பதில்லை. எனக்கு அது எப்போது பார்த்தாலும் திறந்துதான் இருக்கும். இதை நான் தெரிந்துகொண்டது மறுநாள்.

திங்கட்கிழமை ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் மின்னஞ்சலைப் பார்த்தேன். ஒரு பாடம் திறந்ததும் உறுப்பினருக்குத் தானாக ஒரு கடிதம் போகும். அதன் பிரதி ஒன்று எனக்கும் வரும். நிறைய வருவதால் நான் அவற்றைத் திறப்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தேன். அன்றைக்கு மேலே இருந்தது டயகமப் பெண்ணுக்குப் போனது. "உங்கள் பத்தாவது பாடம் இன்று திறந்திருக்கிறது." இன்று என்றால் திங்கட்கிழமை. ஒதுக்கி வைத்தவற்றைக் கீழே கீழே பார்த்துக்கொண்டு போனேன். ஒன்பதாவது பாடம், திங்கள். எட்டாவது, திங்கள். முதல் பாடம்கூட அவள் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை திறக்கவில்லை, மறுநாள்தான் திறந்திருக்கிறது. அவளுக்கு மட்டுமில்லை. புதன்கிழமை சேர்ந்தவருக்கு எல்லாம் வியாழன். கையில் எப்போதும் போன் உள்ளவர்களுக்கு ஒரு நாள் பிந்துவது பெரிதாகத் தெரியவில்லை, யாரும் சொல்லவில்லை. வாரத்தில் ஒரே நாள் போன் இருக்கிற வீட்டில் ஒரு நாள் பிந்துவது ஒரு வாரம் பிந்துவதாகும். அவர்கள் சோம்பலில் பிந்தவில்லை. ஆறு வாரம் கழித்து எழுதிய அந்த ஞாயிறு ஆறு பாடம்தான் அவர்களுக்குத் திறந்திருந்தது.

நாளின் எண்ணை எழுதிய கட்டத்தின் பக்கத்தில் இருந்த வரியை இப்போது ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். சேர்ந்த பிறகு எத்தனை நாள் கழித்து என்று கேட்டிருக்கிறது. நான் செக்ரோல் எழுதுகிறவனாக எழுதிவிட்டேன். வந்த நாளுக்கு ஒரு பேர். அதுவோ வந்த நாளை எண்ணவே இல்லை.

சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பிள்ளைக்கு போன் போடுங்க," என்றாள்.

கடை மூடுகிற நேரம். ஹட்டன் தெருச் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண் பேசினாள்.

"அம்மா நேத்தே கைத்துணியை வெட்டிட்டாங்க ஐயா. சாயங்காலம் வரைக்கும் பாத்தோம், திறக்கல. ஐயா திறந்திருக்குன்னு சொல்லிட்டாங்க, இனி திறக்கப் போறது இல்ல, நம்ம போன்ல வராதுன்னாங்க. வாரத்துல எங்கிட்ட இருந்து போன் வாங்கவும் முடியாதுல்ல. அவங்களா மனசால அளந்து வெட்டினாங்க. ரெண்டும் ஒரே கைக்கு ஆயிடுச்சுங்க. துணியும் இல்ல. நான் எங்க கடையிலயே ஒண்ணு வாங்கிக்கிறேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அம்மா பேசவே இல்லைங்க ஐயா. காலையில நான் வரும்போதும் பேசல."

மனைவி போனை என்னிடமிருந்து வாங்கினாள். "புதன்கிழமை போயா, பௌர்ணமி லீவு. அம்மாவுக்கு வேலை இல்லைதானே?"

"இல்லைங்க டீச்சர். ஆனா போன் எங்கிட்ட..."

"போன் வேணாம். நான் வர்றேன். வெட்டின துண்டு ஒண்ணையும் தூக்கிப் போட வேணாம்னு மட்டும் அம்மாவுக்குச் சொல்லிவிடு."

புதன்கிழமை ஏழு பத்துக்கு லிந்துலையில் டயகம பஸ் ஏறினோம். தலவாக்கலையிலிருந்தே பஸ் நிறைந்து வந்தது. பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்குப் போகும் வெள்ளை உடுப்புக்காரர்கள் பாதிப் பேர். மனைவி கத்தரிக்கோலைப் பத்திரிகைத் தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அளவு டேப் கழுத்திலேயே தொங்கியது. வீட்டில் போட்டதை எடுக்க மறந்துவிட்டாள். சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அது இல்லாமல் அவளை எனக்குப் பார்க்கவே பழக்கமில்லை.

அக்கரப்பத்தனை தாண்டி இறங்கி, கொழுந்து மலைக்கு நடுவே ஒரு மைல் நடந்தோம். லயம் தெரிந்ததும் யாரோ ஒரு பெண், "வந்துட்டாங்க," என்று உள்ளே குரல் கொடுத்தாள். ஒரு வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், பாய் விரித்திருந்தது. பாயிலும் படியிலும் முற்றத்து வாங்குப் பலகையிலுமாகப் பெண்கள். எல்லோரும் அக்கம்பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தேன்.

"டீச்சர் போன்ல கொஞ்சம் குண்டா இருந்தீங்க," என்றார் படியில் இருந்த ஒருவர்.

"போன்ல என் கை மட்டும்தானே தெரியும்?"

"அதான். கை குண்டா இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். வாங்கிலிருந்த இன்னொருத்தி என்னைக் காட்டி, "இவருதான் நாலாவது பாடத்துல இருமுறவரு," என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர். என் பதிவில் ஒரு உறுப்பினர். இங்கே ஒவ்வொரு ஞாயிறும் இந்த இஸ்தோப்பில் பதினொரு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பாடம் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருத்தியிடம் கை மிஷின் இருந்தது. முறை வைத்துத் தைத்துப் பழகியிருக்கிறார்கள். ஒரு கடவுச்சொல்லுக்கு ஒருவர்தான் என்று தளத்தில் நானே எழுதிப் போட்டிருந்தேன். மனைவியிடம் மெதுவாக அதைச் சொன்னேன்.

"ஒரு அடுப்புல பதினொரு பேர் குளிர் காஞ்சா அடுப்பு கேக்குமா?" என்றாள், மெதுவாக அல்ல.

வீட்டுக்காரர், கல்யாணப் பெண்ணின் அம்மா, கதவு நிலையில் நின்றிருந்தார். ஒல்லியானவர், நாற்பத்தைந்து இருக்கும். வாங்க என்றார், தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். சிரிக்கவில்லை. நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வழியெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"தப்பு என்னோடதும்மா. உங்க போன்ல ஒண்ணும் கோளாறு இல்ல. சேர்ந்த நாளை நான் ஒண்ணுன்னு எண்ணிட்டேன். அந்த சைட்டு அதை எண்ணல. அதனால எல்லாமே ஒரு நாள் தள்ளிப் போச்சு. நீங்க கேட்டப்போவும் நான் சரியாப் பாக்காமப் பதில் சொல்லிட்டேன்."

வாங்கிலிருந்தவள், "அது எப்படிங்க ஐயா?" என்றாள். "வந்த நாளுக்குப் பேர் போடாத தோட்டம் எங்கயாச்சும் இருக்கா?"

"அப்ப அதுதான் கள்ளக் கணக்கு," என்றார் படியிலிருந்தவர். "ஐயா சரியாத்தான் எழுதியிருக்காரு."

இருபத்தாறு வருடத்தில் என் கணக்கை இத்தனை பேர் ஒன்றாகச் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார். "கணக்கு யாருதா இருந்தா என்னங்க ஐயா," என்றார். "வெட்டினது நானு." உள்ளே போய் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து பாயில் வைத்தார்.

அரக்கு நிறப் பட்டு, கையில் ஜரிகைக் கரை. உடல் பகுதி முடிந்திருந்தது. என் மனைவி அதை எடுத்துத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றினாள். அவளுடைய முகத்தில் ஒரு மாற்றம் வருவதை நான் கவனித்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. அவள் தைத்தது போலவே இருக்கும் ஒன்றைப் பார்க்கும்போது வருவது.

"இது யாரு போட்ட கொக்கி?"

"நாந்தாங்க."

"ம்," என்றாள். அவளிடம் அது பெரிய பாராட்டு.

பிறகு இரண்டு கைத்துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். சட்டைக் கையின் மேல் வளைவு இரு பக்கமும் ஒன்றுபோல் இராது. முன்பக்கம் சற்று ஆழமாகக் குழிந்திருக்கும், பின்பக்கம் மேடாக இருக்கும். அதனால் இடது கையும் வலது கையும் கண்ணாடியில் தெரிவது போல எதிரெதிராக வர வேண்டும். துணியை மடித்து இரண்டையும் ஒன்றாக வெட்டினால் தானாக அப்படி வரும். இவர் கரை பிசகக் கூடாது என்று ஒவ்வொன்றாக, ஒரே தாளை ஒரே பக்கமாக வைத்து வெட்டியிருக்கிறார். இரண்டும் இடது கை.

"திருப்பிப் போட்டாப் பட்டோட அடிப்பக்கம் வெளிய வருது டீச்சர். நேத்து வரைக்கும் அதைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துகிட்டு இருந்தேன்." ஒரு கைத்துணியை மறுபடி திருப்பி வைத்தார். "கடையில வாங்கிக்கிறேங்குது அது. வாங்கலாம். எனக்கு அது இல்ல. என் கல்யாணத்துக்கு நான் எங்க மதினி ஜாக்கெட்டைப் போட்டுகிட்டேன். பெருசு. முதுகுப் பக்கம் ஏழு ஊசி குத்தி இழுத்து விட்டிருந்தாங்க. அன்னைக்கு முழுக்க யாருக்கும் முதுகைக் காட்டாம நின்னேன். போட்டோவுலயும் செவுத்துல ஒட்டிகிட்டுதான் நிக்கிறேன்."

"அதான் உம் புருசன் உன்னைச் செவுத்தோட சேத்துக் கட்டிகிட்டானாக்கும்," என்றார் படியிலிருந்தவர். சிரிப்பு எழுந்தது, இந்த முறை வீட்டுக்காரரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வெட்டின துண்டு எல்லாம் எங்க?" என்றாள் என் மனைவி.

ஒரு பிஸ்கட் டின் வந்தது. கழுத்து வெட்டிய துண்டு, கைக்குழி வெட்டிய துண்டு, விரலளவு ஓரங்கள்கூட மடித்து அடுக்கி வைத்திருந்தது.

"மூணாவது பாடத்துல சொன்னீங்கள்ல," என்றார் வீட்டுக்காரர். "கடைசிக் கொக்கி போடுற வரைக்கும் ஒரு துண்டையும் வீசக் கூடாதுன்னு."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கொடுத்ததற்கு அது ஒரு பலன் என்று அந்தப் பார்வை சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன்.

வழி இதுதான். ஒரு கைத்துணியின் பின்பக்கத்தையும் ஆழமாகக் குழித்து, அதை முன்பக்கமாக ஆக்கிவிடுவது. அப்போது அது வலது கைக்குப் பொருந்தும், ஆனால் இப்போது பின்பக்கமாகிவிட்ட பழைய முன்பக்கத்தில், அக்குளுக்குக் கீழே, கொஞ்சம் துணி போதாது. அந்த இடத்தில் கழுத்துத் துண்டிலிருந்து எடுத்த ஒட்டு ஒன்றை வைத்துத் தைப்பது. கையைத் தூக்கினால் ஒழிய அது தெரியாது. என் மனைவி இதைப் பழைய பத்திரிகைத் தாளில் வரைந்து வெட்டிக் காட்டினாள். பிறகு கத்தரிக்கோலை வீட்டுக்காரர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே வெட்டிடுங்க டீச்சர். இன்னொரு தடவை நான்..."

"நான் தொட மாட்டேன். தொட்டா அப்புறம் இது நான் தைச்சது."

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். சோக் கோட்டில் நுனியை வைத்தார். பதினொரு பேரில் பத்துப் பேர் பாயைச் சுற்றிக் குனிந்தார்கள். வெளிச்சத்தை மறைக்காதீங்க என்று என் மனைவி இரண்டு பேரை நகர்த்தினாள். பட்டு வெட்டுப்படும் சத்தம் மட்டும் கேட்டது. வளைவு முடிந்து துண்டு விழுந்ததும், விழுந்த துண்டை எடுத்து முதல் வேலையாக டின்னுக்குள் போட்டார்.

ஒட்டை நூலோட்டம் விட்டு, பிரித்து, மறுபடி விட்டு, மிஷினில் ஓட்டினார். நடுவில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. என் மனைவி சாப்பிட்டுக்கொண்டே இன்னொருத்தியின் கழுத்துப் பட்டியில் குறை கண்டுபிடித்துப் பிரிக்க வைத்தாள். நான் நாட்குறிப்பை எடுத்து அங்கே இருந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டார்கள். எல்லோரும் பாடத்தில் சேர்ந்ததாக எழுதுகிறேன் என்றேன்.

"இன்னைக்குப் பேர் உண்டா ஐயா?" என்றாள் வாங்கிலிருந்தவள்.

"உண்டு. முழுப் பேர்."

இரண்டே காலுக்கு இரண்டு கையும் ஏறிவிட்டன. வீட்டுக்காரர் ஜாக்கெட்டை ஒரு ஆணியில் மாட்டிவிட்டு, எட்டப் போய் நின்று பார்த்தார், பக்கத்தில் வந்து பார்த்தார். என் மனைவியின் கழுத்தில் கிடந்த டேப்பை நேராக்கிவிட்டார். பஸ் வரை ஐந்தாறு பேர் வந்தார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் எண்களை மாற்றினேன். 0, 7, 14, 21. பத்தாவது பாடத்துக்கு 63. மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"கல்யாணம் காச்சின்னு யாராச்சும் முந்திக் கேட்டா?" என்றாள்.

"திறந்து விடுறேன்."

"அப்படியே திறந்துடாதீங்க. ஒன்பதாவது வரைக்கும் தைச்சதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கொக்கியைப் பாத்தா எனக்குத் தெரியும்."

தளத்திலும் அப்படியே எழுதிப் போட்டேன். கடவுச்சொல்லுக்கு ஒருவர் என்றிருந்த வரியை எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரைக்குப் படங்கள் வந்தன. நாங்கள் போகவில்லை, அழைத்திருந்தார்கள், ஆனால் எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு ஒரு சாவு. மூன்று படங்கள். முதலாவது மணவறையில் இருவரும். இரண்டாவது அம்மாவும் மகளும். மூன்றாவதில் மகள் மட்டும், திரும்பி நிற்கிறாள். முதுகுதான் தெரிகிறது. பூ வைத்த சடையை ஒரு பக்கமாகத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், மறைக்காமல் இருக்க. கழுத்திலிருந்து இடுப்புவரை அரக்குப் பட்டு ஒரு சுருக்கமில்லாமல் இறங்குகிறது. கீழே ஒரு வரி: "அம்மா இப்படி ஒண்ணு எடுக்கச் சொன்னாங்க."

நான் வலது அக்குள் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிதாக்கினேன். மனைவி போனை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"தேடாதீங்க," என்றாள். அவள் அதைப் பழைய அளவுக்குச் சுருக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாட்குறிப்பில் எழுதினேன்: "ஞாயிறு. லேசான மழை, பதினொன்றுக்கு விட்டது. டயகமக் கல்யாணம் முடிந்தது. ஒட்டு தெரியவில்லை, இரு தடவை பார்த்தேன்." கீழே கோடு போட அடிமட்டத்தை எடுத்தேன். பிறகு, அவள் இன்னும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால், கோடு போடாமல் மூடி வைத்தேன்.